புகை சீசன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: வடசென்னை டூர் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மண்ணடி, பாரிமுனை, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வட்டாரத்தில் வெளிநாட்டு டூர் ஏற்பாடு செய்து தரும் அண்ணன்மார்களுக்கும், பாய்மார்களுக்கும், அக்காமார்களுக்கும்,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். டூர் கிளம்புவதற்கு முந்தின நாள் வாந்தி மாத்திரை, ஓஆர்எஸ், பாராசிட்டமால் எல்லாம் மொத்தமாக வாங்க உங்கள் ஆபீஸ் பையன்கள் எங்கள் கவுண்டருக்குத்தான் வருகிறார்கள். யார் மூலமாகப் போய் எனக்கு இது நடந்தது என்று சொல்லப் போவதில்லை, அவர் நல்ல மனிதர், அம்மாவை ஏர்போர்ட்டில் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனவர். நான் கேட்பது உங்கள் எல்லாரையும் சேர்த்துத்தான்: முன்பணம் வாங்குவதற்கு முன்னால், நாங்கள் சொல்லும் மாதத்தில் அந்த ஊரில் காட்டுப் புகை இருக்குமா என்பதைச் சொல்லிவிடுங்கள். மழை இருக்கும், குடை எடுங்கள் என்று சொல்கிறீர்கள். குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுங்கள் என்று சொல்கிறீர்கள். புகையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2023 காலாண்டு விடுமுறை. அம்மா, நான், நாலாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகன், மூன்று பேரும் மலேசியா போனோம். அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது என் தம்பி பிறந்த காலத்திலிருந்து இருக்கும் வேண்டுதல். பழைய வண்ணாரப்பேட்டையில் 26 வருடம் விறகடுப்பில் இட்லிக் கடை நடத்தியவர், அந்த அடுப்புதான் அவருக்கு இழுப்பையும் கொடுத்தது, இப்போது ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டி இரண்டு வேளை இன்ஹேலர் எடுக்கிறார், இழுக்கும்போது போட்டுக்கொள்ள ஒரு பஃப் தனியாகக் கைப்பையில் இருக்கும். இதெல்லாம் புக் செய்யும்போதே சொன்னேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா, ஏசி பஸ்ஸு, நல்ல ஓட்டலு" என்றார்கள். நானும் நம்பினேன். மருந்துக்கடையில் நிற்கிறவள், போகிக்கு மறுநாள் எங்கள் கடையில் இன்ஹேலர் எப்படி ஓடும் என்று தெரிந்தவள், எனக்கே அங்கே போய் இறங்கும்வரை இது தோன்றவில்லை.

இறங்கிய காலையில் பஸ்ஸில் வரும்போதே வானம் மோர் கலரில் இருந்தது. மேகம் என்று நினைத்தோம். ஓட்டல் வாசலில் இறங்கியபோது வாசனை அடித்தது, போகி முடிந்து மறுநாள் காலை கல்மண்டபம் பக்கம் வருமே, டயர் நாற்றத்தைக் கழித்துவிட்டால் மிச்சம் இருக்கும் அந்தக் கருகின வாசனை, அதேதான். இரட்டைக் கோபுரம் அந்தப் பக்கம் என்று கைட் கை காட்டினார், 452 மீட்டர் உயரக் கட்டடம், அந்தப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அம்மா மட்டும் சிரித்துக்கொண்டே "எனக்குப் புகை புதுசா?" என்றார்.

புகைக்குப் பழகிவிட்ட நெஞ்சு புகையைத் தாங்கும் என்று நம் பக்கத்தில் நிறையப் பேர் நினைக்கிறோம். மணலிக்காரர்களும், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் என்னிடம் கவுண்டரில் இதையே சொல்வார்கள். நடப்பது நேர்மாறு. ஏற்கனவே புண்பட்ட மூச்சுக்குழாய்க்குத்தான் கொஞ்சம் புகையிலேயே இழுப்பு வரும்.

மறுநாள் பத்துமலை. காலையில் நான் போனில் பார்த்தேன், கோலாலம்பூரில் செராஸ் பக்கம் ஏபிஐ, அதாவது அந்த நாட்டுக் காற்று மாசுக் குறியீடு, 150க்கு மேல் காட்டியது. பயந்துபோய் இங்கே ஆபீஸுக்கு போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டு, "150 தானேம்மா, மாடரேட்னு போட்டிருக்கான், போய்ட்டு வாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது நம் நாட்டு அட்டவணை. இந்திய ஏக்யூஐயில் 101 முதல் 200 வரை 'மிதம்'. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 101 தொட்டாலே 'ஆரோக்கியத்துக்குக் கேடு'. அங்கே 201க்கு மேல் 'மிகவும் கேடு', 300 தாண்டினால் 'அபாயம்'. நம் அட்டவணையிலேயே அந்த 'மிதம்' என்ற சொல்லுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை: ஆஸ்துமா மாதிரி நுரையீரல் நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள், குழந்தைகள், வயதானவர்கள் ஆகியோருக்கு மூச்சுவிடச் சிரமம், அசௌகரியம் வரலாம் என்று தெளிவாக இருக்கிறது. எங்கள் மூன்று பேரில் இரண்டு பேர் அந்த வரியில் இருக்கிறார்கள்.

இந்த எண் விஷயத்தை உங்கள் பையன்களுக்கு ஒருமுறை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள், பெரிய விஷயம் இல்லை. நாட்டுக்கு நாடு குறியீடு வேறு. நம்முடையது ஏக்யூஐ, மலேசியாவுடையது ஏபிஐ, சிங்கப்பூருடையது பிஎஸ்ஐ. காற்றில் ஒரு கன மீட்டருக்கு 90 மைக்ரோகிராம் நுண்தூசி இருந்தால் நம் கணக்கில் அது 200, சிங்கப்பூர் கணக்கில் 140க்கும் கீழே. அதனால் அந்த மொத்த எண்ணை விட்டுவிட்டு பிஎம் 2.5 என்கிற அந்த நுண்தூசி எத்தனை மைக்ரோகிராம் என்று பாருங்கள், அது எந்த ஊரிலும் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு ஒரு நாளுக்குச் சராசரி 15. நம் நாட்டு வரம்பு 60. அப்புறம் இன்னொன்று, சிங்கப்பூர் பிஎஸ்ஐ என்பது 24 மணி நேரச் சராசரி, இப்போது வெளியே போகலாமா என்று தெரிய ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைத்தான் பார்க்க வேண்டும், அதை அந்த நாட்டு அரசே 'மை என்வ்' செயலியில் தனியாகக் கொடுக்கிறது. தாய்லாந்துக்கு 'ஏர் ஃபோர் தாய்'. மலேசியச் சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி வெளியிடுகிறது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்குச் சிங்கப்பூரில் இருக்கும் வானிலை மையம் சுமத்ராவிலும் போர்னியோவிலும் எங்கெங்கே எரிகிறது என்று செயற்கைக்கோள் படத்தோடு போடுகிறது, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அதை ஒரு தடவை பார்த்தாலே போதும்.

பத்துமலையில் 272 படி. தம்பி மகன் ஒவ்வொன்றாகச் சத்தமாக எண்ணிக்கொண்டு முன்னால் போனான். 140 அடி முருகன் தங்க நிறத்தில் நிற்பார் என்று படத்தில் பார்த்திருக்கிறோம், அன்றைக்கு இடுப்புக்கு மேலே சாம்பல் துணி போர்த்தின மாதிரி இருந்தார். கைட் கொடுத்த மெல்லிய நீல மாஸ்க்கை அம்மா தாடையில் இறக்கிவிட்டு ஏறினார், போட்டிருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. நூறு தாண்டியதும் பேச்சை நிறுத்தினார். நான் பின்னாலிருந்து அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரவிக்கைக்கு மேலே கழுத்துப் பக்கம் சதை ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. அது என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "118!" என்று மேலே இருந்து பையன் கத்தினான், அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பஃப் எடுத்துக் கொடுத்தேன். கை நடுங்கியதில் முதல் தடவை மருந்து வாய்க்கு வெளியே போனது. எண் காட்டும் சின்ன ஜன்னலில் 14 என்று இருந்தது. இன்னும் மூன்று நாள் பயணம் பாக்கி, பதினாலு பஃப். அங்கிருந்தே கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார், நாங்கள் இறங்கினோம்.

சாயங்காலம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் தமிழ்ப் பெண். நம்மூர் பிராண்ட் பெயரைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. சால்பியூட்டமால் என்று மருந்தின் பொதுப்பெயரைச் சொன்னதும் உடனே எடுத்தார். பெயர், வயது, என்ன நோய் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே, "ஜெரெபு நேரத்துல ஏன்க்கா இழுப்புக்காரவங்கள கூட்டிட்டு வந்தீங்க, அங்க யாருமே சொல்லலையா?" என்று கேட்டார். ஜெரெபு என்பது மலாயில் இந்தப் புகைக்குப் பெயர். அங்கே தமிழில் புகைமூட்டம் என்கிறார்கள். நம் ஊரில் அக்னி நட்சத்திரம் என்று எப்படிச் சொல்கிறோமோ அந்த மாதிரி, எல்லாருக்கும் தெரிந்த, பெயரே இருக்கிற ஒரு பருவம் அது. அதற்குத்தான் எனக்கு மனது ஆறவில்லை. யாரும் எதிர்பாராத விபத்து என்றால் விட்டுவிடலாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அங்கே தெரிந்த ஒன்றை, அந்த ஊருக்கு வருடம் முழுக்க ஆள் அனுப்புகிறவர்கள் நமக்குச் சொல்லவில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், கேட்கிறவர்களுக்கு நீங்கள் சொல்ல உதவும். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும், போர்னியோ தீவில் அந்த நாட்டுப் பகுதியான கலிமந்தானிலும் கரிச்சதுப்பு நிலம் ஏராளம். இலையும் மரமும் ஆயிரக்கணக்கான வருடம் தண்ணீருக்குள் மக்காமல் சேர்ந்து சேர்ந்து ஆன மண். பனை எண்ணெய்த் தோட்டத்துக்காகவும் காகித மரத்துக்காகவும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள், காய்ந்த அந்த மண்ணே விறகு மாதிரி. நிலத்தைச் சுத்தம் செய்ய மலிவான வழி தீ. மேலே அணைத்தாலும் அடியில் கனன்றுகொண்டே போகும். கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போன பிறகும் மறுநாள் வேறு இடத்தில் புகையுமே, அதே சங்கதிதான், பல லட்சம் ஏக்கரில். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அந்தப் புகை மலாக்கா நீரிணையைத் தாண்டி மலேசியா, சிங்கப்பூர் பக்கம் வந்துவிடுகிறது. 1997இல் பெரிதாக வந்தது. 2013 ஜூனில் சிங்கப்பூரில் மூன்று மணி நேர பிஎஸ்ஐ 401 வரை போனது, மலேசியாவில் மூவார் பகுதியில் அவசர நிலை அறிவித்தார்கள். 2015இல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்ததாக உலக வங்கி கணக்குச் சொன்னது. 2019இல் மறுபடி பள்ளிகளை மூடினார்கள். புகையைத் தடுக்க 2002இல் ஆசியான் நாடுகள் ஒப்பந்தம் போட்டன, எரிகிற நாடான இந்தோனேசியா அதை ஏற்றது 2014இல்தான். நம் வீட்டு ரேஷன் பாமாயில் பாக்கெட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு, உலகத்திலேயே அதிகம் பனை எண்ணெய் இறக்குமதி செய்வது நம் நாடுதான். இதில் அந்த ஊர் ஏழை ஜனங்கள் படுகிற பாட்டுக்கு முன்னால் நாலு நாள் டூர் போன எங்கள் பாடு ஒன்றுமே இல்லை, அதுவும் தெரியும்.

சரி, காலண்டருக்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு முக்கியம் இதுதான். மலேசியா, சிங்கப்பூருக்குப் புகை வரக்கூடிய காலம் ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை, அதில் மோசமானது செப்டம்பரும் அக்டோபரும். நம் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை சரியாக அதற்குள் விழுகிறது. நீங்கள் போர்டு வைத்து ஆள் சேர்ப்பதும் அப்போதுதான். தாய்லாந்தில் வேறு கணக்கு: சியாங் மாய், சியாங் ராய் பக்கம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரியும், மார்ச், ஏப்ரலில் சியாங் மாய் உலகத்திலேயே மோசமான காற்று உள்ள ஊர்களின் பட்டியலில் மேலே வந்துவிடும் நாட்கள் உண்டு, மலைக்கு நடுவில் கிண்ணம் மாதிரி இருக்கிற ஊர், புகை வெளியேற வழி இல்லை. நம் முழுப்பரீட்சை லீவுக்கு "குளுகுளு வட தாய்லாந்து" என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். பாங்காக்குக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி. 2025 ஜனவரியில் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடி, ஜனங்கள் வண்டி எடுக்காமல் இருக்க ஒரு வாரம் ரயிலையும் பஸ்ஸையும் இலவசமாக விட்டார்கள்.

முக்திநாத் கூட்டிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நேபாளத்தில் மார்ச், ஏப்ரலில் காட்டுத் தீ. 2021 மார்ச் கடைசியில் காற்று கெட்டதால் அந்த நாட்டில் பள்ளிகளையே மூடினார்கள். 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிற கோயில், அங்கே சாதாரண நாளிலேயே நம் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். புகைமூட்டத்தில் சின்ன விமானங்கள் கிளம்பாமல் பொக்காராவில் காத்துக் கிடக்க நேரலாம், அந்த ஓரிரு நாளுக்கான மருந்தும் கையில் இருக்க வேண்டும்.

எல்லா வருடமும் வராது. 2020, 2021இல் பெரிதாகப் புகை இல்லை, மழை கூடுதலான வருடங்கள். எல் நினோ வருடம், அதாவது அந்தப் பக்கம் மழை குறைந்து காய்கிற வருடம் என்றால் ஜாக்கிரதை, 1997, 2015, 2023 எல்லாம் அப்படித்தான். அதனால் போகவே போகாதீர்கள் என்று ஆளை விரட்டச் சொல்லவில்லை. உங்கள் பிழைப்பும் எனக்குப் புரிகிறது. நாங்கள் போனபோது விசா எடுக்க வேண்டியிருந்தது, 2023 டிசம்பரிலிருந்து அதுவும் இல்லை என்றானதும் நம் பகுதியிலிருந்து மலேசியா போகிறவர்கள் எவ்வளவு கூடிவிட்டார்கள் என்று எங்கள் கடை வியாபாரத்திலேயே தெரிகிறது. முதல் தடவை விமானம் ஏறுகிற வயசானவர்கள்தான் அதில் நிறைய. அவர்களுக்கு இணையத்தில் தேடத் தெரியாது, உங்களைத்தான் நம்பி வருகிறார்கள். வருகைப் பதிவை நீங்களே உங்கள் போனில் போட்டுக் கொடுக்கிறீர்கள், பாஸ்போர்ட் காப்பி வாங்கும்போது பெயரில் இனிஷியல் சரியா என்று இரண்டு தடவை கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் "யாருக்காவது இழுப்பு, நெஞ்சு வலி உண்டா, கர்ப்பமா, கைக்குழந்தை இருக்கா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். உண்டு என்றால் அந்த மாதத்தைச் சொல்லி, தேதியை மாற்றிக்கொள்ளலாமா என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தேதி மாற்றும் விஷயம் பணம் சம்பந்தப்பட்டது, தெரியும். புகை என்பதற்காக விமானக் கம்பெனி பணம் திருப்பித் தராது, அவர்களாக விமானத்தை ரத்து செய்தால் ஒழிய. இன்சூரன்ஸிலும் ஏற்கனவே இருக்கும் நோய்க்கு என்று ஒரு விதி இருக்கும், இழுப்பை மறைத்து பாலிசி எடுத்துக் கொடுத்தால் அங்கே ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒன்றும் கிடைக்காமல் போகலாம், அந்த வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆனால் செப்டம்பர், அக்டோபர் புக்கிங்குக்கு "காற்று இந்த அளவைத் தாண்டினால் ஒரு தடவை தேதி மாற்றித் தருகிறோம், டிக்கெட் வித்தியாசம் மட்டும் உங்களது" என்று எழுதிக் கொடுத்தால் என் மாதிரி ஆட்கள் உங்களிடம்தான் வருவோம். அங்கே போன பிறகு காற்று கெட்டால், அன்றைக்குப் படியேறுகிற நிகழ்ச்சியை மாற்றி மூடின இடமாக, மீன் காட்சியகமோ மியூசியமோ மாலோ கூட்டிப்போய்விட்டு, மழை பெய்து தெளிந்த நாளில் கோயிலுக்குப் போகலாம். எங்கள் கைட்டிடம் அதைக் கேட்டேன், "ஷெட்யூல் மாத்த எனக்கு அதிகாரம் இல்ல" என்றார், அவர் சம்பளத்துக்கு இருப்பவர். அந்த அதிகாரத்தை நீங்கள் கொடுத்துவிடலாமே. பஸ் டிரைவரிடம் வெளிக்காற்றை இழுக்காமல் உள்காற்றையே சுற்றவிடும்படி ஏசியை வைக்கச் சொல்லுங்கள். ஓட்டலில் ஜன்னல் இறுக மூடுகிற அறையாகக் கேளுங்கள். எங்கள் அறையில் சறுக்கு ஜன்னலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி, நான் துண்டை நனைத்துச் சுருட்டி அடைத்தேன், காலையில் எடுத்துப் பார்த்தால் துண்டில் ஒரு பழுப்புக் கோடு. ஏசி நுண்தூசியை அவ்வளவாக வடிகட்டாது, ஜன்னலை மூடி வைக்க உதவும், அவ்வளவுதான். காற்று வடிகட்டும் மெஷின் கேட்டால் சில ஓட்டல்களில் கொண்டுவந்து வைப்பார்கள், ஆனால் அது முன்னாடியே கேட்டால்தான். அப்புறம் அறைக்குள் ஊதுவத்தி ஏற்ற வேண்டாம் என்று நம் அம்மாக்களிடம் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை என்று என் அம்மா இரண்டு குச்சியைக் கையில் எடுத்துவிட்டார், பிடுங்காத குறையாக வாங்கி வைத்தேன்.

மாஸ்க் பற்றி. உங்கள் கிட் பையில் தொப்பி, பேட்ஜ், பிஸ்கட்டோடு அந்த நீல மாஸ்க்கைப் போடுவதற்குப் பதில் ஆளுக்கு இரண்டு என்95 போடுங்கள். நீல மாஸ்க்கும் ஈரக் கைக்குட்டையும் துப்பட்டாவும் இந்தத் தூசியை நிறுத்தாது, முடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இருக்கும் தூசி. என்95 என்றாலும் முகத்தில் ஒட்டி நிற்க வேண்டும்: மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, ஊதிப் பார்த்தால் கண் பக்கம் காற்று வரக்கூடாது, கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடி பனித்தால் சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற வகை நன்றாகப் பிடிக்கும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். பெரியவர்கள் அளவு குழந்தைக்குப் பொருந்தாது, குழந்தையை உள்ளேயே வைத்திருப்பதுதான் சரி. நுரையீரல் ரொம்பப் பலவீனமானவர்களுக்கு என்95 போட்டாலே மூச்சு முட்டும், அவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடட்டும்.

மருந்து விஷயத்தில் கவுண்டரில் நான் எல்லாரிடமும் சொல்வதை உங்களிடமும் சொல்லி வைக்கிறேன். இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேண்டும், லக்கேஜில் போட்டால் பெல்ட்டில் போய்விடும். ஒன்றுக்கு இரண்டாக எடுக்கச் சொல்லுங்கள், எத்தனை பஃப் மிச்சம் என்று கிளம்பும் முன் பார்க்கச் சொல்லுங்கள், நான் பார்க்கவில்லை, அதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன். டாக்டர் சீட்டில் பிராண்ட் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். தினமும் போடுகிற தடுப்பு இன்ஹேலரை ஊர் சுற்றுகிற குஷியில் விட்டுவிடக்கூடாது, புகைக் காலத்தில் அதுதான் அடித்தளம். ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், பஃப் போட்டும் அடங்காவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், கைட்டுக்கு போன் செய்து காத்திருக்காமல் நேராக ஆம்புலன்ஸ்: மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995, தாய்லாந்தில் 1669. இந்த மூன்று எண்ணையும் நீங்கள் கொடுக்கிற பேட்ஜின் பின்பக்கம் அச்சடித்தால் என்ன செலவாகிவிடப் போகிறது?

திரும்பி வந்த பிறகு அம்மாவுக்கு மூன்று வாரம் இருமல். இரண்டு தடவை நெபுலைசர் வைத்தோம். தம்பி மகனுக்குக் கண் எரிச்சல் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. டூர் ஆபீஸில் போய்ச் சொன்னேன், அவர் முகம் வாடிவிட்டது. "எங்களுக்கே தெரியாதும்மா" என்றார். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் சண்டை போடாமல் இதை எழுதுகிறேன், இனிமேல் தெரியாது என்று உங்களில் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மேலே சொன்ன மாதங்கள், எண்கள், மாஸ்க் போடும் முறை எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி. அடுத்த தடவை மாத்திரை வாங்க வருகிற உங்கள் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆபீஸ் பெயரைப் போட்டே கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த வருடம் அரையாண்டு லீவில், டிசம்பர் கடைசி வாரம், மறுபடி மூன்று பேருக்கு விலை கேட்டு உங்களில் ஒருவரிடம் வருவேன். மழை இருக்கும் என்று எனக்கே தெரியும், குடை எடுத்துக்கொள்கிறேன். அம்மா இப்போது தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிப்படியை நாலு தடவை ஏறி இறங்கிப் பழகுகிறார். "ஆயா, 118 ஆச்சு, இன்னும் 154 பாக்கி" என்று தம்பி மகன் கணக்கு வைத்திருக்கிறான்.

அன்புடன்,
தண்டையார்பேட்டை மருந்துக்கடைக்காரி